58 வயசுல மிருதங்கம்: பெருவெம்புல செஞ்சு வாங்குனது எப்படி இருக்கு?

முதல்லயே சொல்லிடறேங்க, அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒரு ஸ்டாரை ஏன் புடிச்சு வெச்சிருக்கேன்னு போகப் போகத் தெரியும். பொருள் என்னன்னா ஒரு மிருதங்கம், 22 இஞ்ச், பலாக்கட்டை, நட்டு போல்ட் இல்லாம பழைய மாதிரி தோல் வார் போட்டது, 5 கட்டை சுருதி (இந்தக் கட்டை மரம் இல்லீங்க, சுருதி எவ்ளோ உயரம்னு சொல்ற அளவு). பாலக்காடு பக்கத்துல பெருவெம்புன்னு ஒரு ஊர், அங்க ஒரு வீட்ல சொல்லி வெச்சு செஞ்சு வாங்குனது. செஞ்சவரு பேரும் நம்பரும் போட மாட்டேன், அவரே வேண்டாம்னுட்டாரு, "உள்ள வேலையே தீரல டீச்சரே, இன்னும் ஆளை அனுப்பி வெச்சா நான் என்ன செய்யறது"ன்னு. நான் டீச்சர் இல்லீங்க, ஆனா கேரளாவுல கண்ணாடி போட்டுட்டு கொடை புடிச்சுட்டு வர்ற பொம்பளைன்னா டீச்சர்தான், அதை மாத்த யாராலயும் முடியாது.

பாலக்காட்டுக்குக் கிழக்க, தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை பக்கம்தான் நமக்கு. பால் சொசைட்டில கணக்கு எழுதிட்டு இருந்தவ, ரிட்டயர் ஆயாச்சு. சின்ன வயசுல எங்க ஊரு பஜனை மடத்துல ஒரு ஐயா மிருதங்கம் சொல்லிக் குடுத்தாரு, எங்க அண்ணனுக்குத்தான் சொல்லிக் குடுத்தாரு, நான் கூடப் போயி உக்காந்து உக்காந்து கத்துக்கிட்டது, அப்பறம் அவரே பாத்துட்டு "புள்ளைக்குக் கை நல்லா விழுது"ன்னு என்னையும் சேத்துக்கிட்டாரு. வயசுக்கு வந்ததும் வீட்ல நிறுத்திட்டாங்க. பாட்டுன்னா பரவால்ல, வயலின்னா பரவால்ல, கால நீட்டி உக்காந்து தோலைத் தட்டறது பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு பாட்டி சொன்னாங்க, அதோட சரி. அண்ணனும் அதுக்கப்பறம் தொடல. இதுல அழுவறதுக்கு ஒண்ணும் இல்ல, அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் இப்படி ஏதாவது ஒண்ணு நின்னுருக்கும், உங்க வீட்லயும் கேட்டுப் பாருங்க, ஒருத்தர் ஓவியம் வரைஞ்சிருப்பாங்க ஒருத்தர் கபடி ஆடியிருப்பாங்க.

ரிட்டயர் ஆனதும் பையன் ஆசையா ஆன்லைன்ல ஒண்ணு வாங்கி அனுப்பிச்சான். எந்தக் கடைன்னு சொல்லல, பாக்குறதுக்கு நல்லா பளபளன்னு வார்னிஷ் அடிச்சு, வெல்வெட் உறை போட்டு, கூடவே ஒரு புக்கும் வெச்சு வந்துச்சு. தட்டுனா நாதமே இல்ல. நான்தான் கை மறந்துட்டேன் போலன்னு ரொம்ப நாள் அதையே உருட்டிட்டு இருந்தேன், 'நம்'ங்கற சொல்லு ஓரத்துல ஆள்காட்டி விரல்ல அடிச்சா கணீர்னு நிக்கணும், இதுல டக்குனு விழுந்து செத்துப் போவும். 'தொம்' அடிச்சா பிளாஸ்டிக் பக்கெட் சத்தம். ஆடி மாசம் ஈரக்காத்து அடிச்சதும் சுருதி சுத்தமா எறங்கிடுச்சு, அப்பறம் வெயில் வந்ததும் கட்டையில நீளத்துக்கு ஒரு வெடிப்பு. நல்லாக் காயாத மரம், பலாவும் இல்ல. நடுவுல இருக்கற கருப்பு இருக்குல்ல, சோறுன்னு சொல்லுவோம், அது பொறை பொறையா உதிர ஆரம்பிச்சுது.

இந்த சோறு விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா மிருதங்கத்துக்கு குடுக்கற காசுல பாதி அதுக்குத்தான்னு இப்ப நெனைக்கறேன். சர் சி.வி. ராமன் இருக்காரே, நம்ம திருச்சில பொறந்தவரு, ஒளி பத்தின ஆராய்ச்சிக்கு 1930ல நோபல் வாங்குனவரு, அவரு அதுக்கு முன்னாடியே 1920ல நம்ம ஊரு தோல் வாத்தியத்தைப் பத்தி நேச்சர் பத்திரிகைல எழுதியிருக்காரு, திரும்ப 1934ல இன்னும் விரிவா ஒரு கட்டுரை. சமாச்சாரம் இதுதான்: சும்மா ஒரு வட்டத் தோலை இழுத்துக் கட்டித் தட்டுனா அதுலேர்ந்து வர்ற ஒலிங்க ஒண்ணோட ஒண்ணு கணக்குல சேராது, அதனால அது சத்தமாத்தான் இருக்கும், சுரமா இருக்காது. நடுவுல கனமாவும் ஓரம் வர வர மெலிசாவும் இந்த சோறை ஏத்திட்டா அதே தோல்ல வர்ற ஒலிங்க ஒரு தந்தி வாத்தியத்துல வர்ற மாதிரி கணக்கா வந்து சேரும், சுருதி நிக்கும். பையன் வாங்குனதுல சோறு நடுவுலயும் ஓரத்துலயும் ஒரே கனம். ஏதோ தார் பூசுன மாதிரி பூசி விட்டிருந்தாங்க. நான் என்னதான் சாதகம் பண்ணினாலும் அதுல வராது, வரவே வராது.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். ரொம்ப வருசம் கழிச்சுத் திரும்ப ஆரம்பிக்கறவங்க எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லுவாங்க, "எனக்கு என்னத்துக்கு நல்லது, இந்த வயசுல நான் என்ன கச்சேரியா பண்ணப் போறேன், இருக்கறதுல கம்மியா ஒண்ணு போதும்"னு. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு, கடையில நிக்கறப்ப நானும் அதையேதான் சொல்லிருப்பேன். யோசிச்சுப் பாருங்க, எட்டு வயசுப் பையனுக்கு ஓட்டை மிருதங்கம் வாங்கிக் குடுத்தாலும் அவன் கையில வேகம் இருக்கு, தப்பா அடிச்சா அடிச்சுட்டுப் போவான், பத்து வருசம் கையில இருக்கு. நமக்கு மணிக்கட்டு ஏற்கனவே வலி, காது கொஞ்சம் மந்தம், மனசுல எப்பவும் ஒரு சந்தேகம். வாத்தியம் பேசலன்னா "ஐயோ நமக்கு வரல"ன்னு நம்மளைத்தான் குத்தம் சொல்லிக்குவோம், வாத்தியத்தை சொல்ல மாட்டோம். அதனால லேட்டா வர்றவங்களுக்குத்தான் நல்ல வாத்தியம் வேணும், சின்னப் பசங்களை விட. இதை நான் யாருகிட்ட வேணாலும் சண்டை போட்டு சொல்லுவேன்.

சரி பெருவெம்பு. நம்ம பக்கத்துலேர்ந்து போறதா இருந்தா சித்தூர் வந்து தத்தமங்கலம் வழியா போயிடலாம், பாலக்காட்லேர்ந்து போறவங்களுக்கு இன்னும் சுலபம். ஊருக்குள்ள கால் வெச்சா கடை போர்டு, ஷோரூம்னு எதுவும் எதிர்பாக்காதீங்க, வீட்டுத் திண்ணைதான் பட்டறை. செண்டை, மத்தளம், மிருதங்கம், தபலா, இடக்கைன்னு தோல் வாத்தியம் எதுவா இருந்தாலும் இங்க தலைமுறை தலைமுறையா செய்யற குடும்பங்க இருக்கு. பூரத்துல பஞ்சவாத்தியம் கேக்கறீங்கல்ல, அதுல வர்ற மத்தளம், பாலக்காடு மத்தளம்னு புவிசார் குறியீடு வாங்குனது. வாசல்ல தோலை விரிச்சு ஆணி அடிச்சுக் காயப் போட்டிருப்பாங்க, வாடை வரும், வரத்தான் செய்யும். ஆடு, மாடு, எருமைன்னு மூணு தோலும் ஒரே மிருதங்கத்துல இருக்கு, இழுத்துக் கட்டற வார் எருமைத் தோல். நம்மாளுங்க பலபேரு பூஜை ரூம்ல சந்தனம் குங்குமம் வெச்சு அதைக் கும்புடுவாங்க, ஆனா செய்யற எடத்துக்கு வந்தா கர்ச்சீப்பை மூக்குல வெச்சுக்குவாங்க. எனக்கு முன்னாடி ஒரு கார்ல வந்த குடும்பம் அப்படித்தான் நின்னுது, அவரு ஒண்ணும் கண்டுக்கல, எனக்குத்தான் சங்கடமா இருந்துச்சு.

கட்டை பலாதான். உள்ளூர்ப் பலாவும் உண்டு, பண்ருட்டியில கடைஞ்சு வர்ற கட்டையும் உண்டுன்னு சொன்னாரு. கேரளா 2018ல பலாவை மாநிலப் பழமா அறிவிச்சுது, தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம் பலாதான், ஆழியாத்துத் தண்ணிக்கு வருசா வருசம் ரெண்டு பக்கமும் மல்லுக்கு நிக்கறோம், இது ஒண்ணுல மட்டும் தகராறு இல்ல.

ஆர்டர் குடுக்கப் போனா மொதல்ல என்னய உக்கார வெச்சு ஒரு பழைய மிருதங்கத்தைக் கையில குடுத்தாரு. "வாயிச்சு காட்டு டீச்சரே." எனக்குக் கை நடுங்கிப் போச்சு. த, தி, தொம், நம், நாலும் அடிச்சேன், அப்பறம் தகதிமி, அவ்ளோதான். அவரு என் கையைப் பாத்தாரே ஒழிய மூஞ்சியைப் பாக்கல. பாத்துட்டு 24 இஞ்ச் வேண்டாம், 22 போதும்னாரு. பெரிய மிருதங்கம் தக்கு சுருதிக்கு, அதான் கீழ் சுருதிக்கு, ஆம்பளைங்க பாடற 1 கட்டை 2 கட்டைக்கு சரியா வரும், பொம்பளைங்க பாடற 5 கட்டைக்கெல்லாம் சின்னதுதான் சேரும். நான் எங்க ஊரு மகளிர் பஜனைக்குத்தான் வாசிக்கப் போறேன்னு சொன்னதும் அவரு சட்டுனு 5ன்னு முடிவு பண்ணிட்டாரு. தூக்கறதுக்கும் சின்னது எடை கம்மி, அதையும் யோசிச்சாருன்னு நெனைக்கறேன், ஏன்னா நான் பஸ்லதான் வந்தேன்னு ஆரம்பத்துலயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு.

அப்பறம் வாரா, நட்டு போல்ட்டா. இதுல நெறைய பேருக்குக் கொழப்பம் இருக்கு, அதனால கொஞ்சம் விரிவா. பழைய முறையில ரெண்டு பக்கத் தோலையும் தோல் வாராலயே இழுத்துக் கட்டியிருப்பாங்க, சுருதி ஏத்தணும்னா வலந்தலை, அதான் வலது கைப் பக்கம், அந்தப் பின்னல் மேல கட்டையை வெச்சு கல்லால தட்டணும், எறக்கணும்னா கீழேர்ந்து மேல தட்டணும். பின்னல்ல 16 கண்ணு, பதினாறுலயும் ஒரே சுருதி வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே சுத்தி வரணும். வார் மொத்தமா தளர்ந்து போச்சுன்னா நம்மால முடியாது, ஆளு வேணும், நல்ல பலம் வேணும். நட்டு போல்ட்ல கம்பியும் ஸ்க்ரூவும், ஸ்பேனரை வெச்சுத் திருகினா முடிஞ்சுது. எடை கொஞ்சம் கூடும், நாதம் கொஞ்சம் வேற மாதிரின்னு பழைய வித்வான்க மூஞ்சியைச் சுளிப்பாங்க. எனக்கு அரைமணி நேர பஸ் தூரத்துல செய்யற ஆளு இருக்காரு, அதனால வாரே எடுத்துக்கிட்டேன். நீங்க திருப்பூர்லயோ பெங்களூர்லயோ துபாய்லயோ இருந்தா தயவு செஞ்சு நட்டு போல்ட்டே வாங்குங்க, சம்பிரதாயம் அது இதுன்னு யாராவது சொன்னா அவங்களையே வந்து வார் புடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. முழுசா ஃபைபர் உடம்பு, செயற்கைத் தோல்னும் வருது, மழைக்கு வெயிலுக்கு ஒண்ணும் ஆவாது, அடிச்சுப் பாத்தேன், சாதகத்துக்குத் தாராளமாப் போதும், ஆனா எனக்கு இத்தனை வருசம் கழிச்சு வேண்டியிருந்தது அந்தத் தோல் சத்தம்தான்.

குச்சியா கப்பியான்னும் கேட்டாரு. வலந்தலைத் தோலுங்களுக்கு நடுவுல வைக்கோல் துண்டு மாதிரி குச்சி சொருகறது ஒரு வகை, கல்லுப் பொடி கப்பி போடறது ஒரு வகை. எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் காதுல புடிபடல, "ஏட்டன் இஷ்டம்"னுட்டேன். குச்சி வெச்சுக் குடுத்தாரு.

சோறு ஏத்தறதைக் கூட இருந்து பாக்கணும்னு கேட்டேன், வாங்கன்னாரு. காலையிலயே போயிட்டேன். கிட்டான் கல்லுப் பொடி, அதோட குழைய வடிச்ச சோறு, ரெண்டையும் சேத்துப் பிசைஞ்சு கருப்பா ஒரு பசை. தோல் நடுவுல மொதல்ல வெறும் சோத்தைத் தேச்சு ஒட்டற மாதிரி ஆக்கிட்டு, கட்டை விரல்ல கொஞ்சூண்டு அந்தப் பசையை எடுத்து வெச்சு, வட்டமா இழுத்து, அப்பறம் ஒரு வழவழன்னு இருக்கற கல்லை வெச்சுத் தேய்க்க ஆரம்பிச்சாருங்க. தேய்க்கறாரு, தேய்க்கறாரு, காயற வரைக்கும் தேய்க்கறாரு. ஒரு பூச்சு முடிஞ்சா அடுத்தது, கொஞ்சம் சின்ன வட்டம். அதுக்கு மேல இன்னும் சின்னது. நடுநடுவுல விரலால ஒரு தட்டு தட்டி காதைக் கிட்டக் கொண்டு போவாரு, முகத்துல ஒண்ணும் தெரியாது, திரும்பத் தேய்ப்பாரு. மேல மெல்லிசா முடி மாதிரி வெடிப்பு விழுந்துச்சு, ஐயோ போச்சுன்னு நான் பதறிட்டேன், "அது வேணும், அது இல்லாட்டி ஒச்சை அடைஞ்சு போவும்"னாரு, ஒச்சைன்னா சத்தம். ஒரு எடத்துல ஒரு பூச்சு அவருக்குப் புடிக்கல போல, அத்தனையையும் சுரண்டி எடுத்துட்டு மறுபடி மொதல்லேர்ந்து. டீ வந்துச்சு, ஆறிப் போச்சு, அவரு குடிக்கல. மதியம் நான் கெளம்பறப்பவும் தேய்ச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. இதைப் பாத்ததுக்கு அப்பறம் வெலை பேசறதுக்கு எனக்கு வாய் வரல.

வெலை 15,000 ரூபாயை ஒட்டி வந்துச்சு, கட்டை தோல் வார் எல்லாம் சேத்து. பையன் அனுப்புனதை விட ரெண்டு பங்குக்கு மேல. என்னோட பணம், சொசைட்டில வந்த பணம், யாருகிட்டயும் கேக்கல. வீட்டுக்காரர் வெலையைக் கேட்டுட்டு ஒரு நாள் முழுக்கப் பேசல, மறுநாள் வந்து "சரி, தினம் வாசி"ன்னாரு. அதுவே அவருக்குப் பெரிய பேச்சு.

எடுக்கப் போன அன்னைக்கு செல்போன்ல சுருதிப் பெட்டி ஆப்பைப் போட்டு 5 கட்டையில வெச்சேன், அவரு 16 கண்ணுலயும் தட்டித் தட்டிக் காட்டுனாரு. அப்பறம் என்கிட்ட குடுத்தாரு. 'நம்' அடிச்சேன். நின்னுது பாருங்க! அடிச்சுட்டு கையை எடுத்ததுக்கு அப்பறமும் ஆப்போட சேந்து அது பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருந்துச்சு. கை எனக்கு மறக்கவே இல்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, சொன்னா நம்ப மாட்டீங்க, சாப்புங்கற சொல்லு கூட விழுந்துச்சு, சுண்டு விரல் எங்க படணும்னு அந்த விரலுக்கே தெரிஞ்சிருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததுக்கப்பறம் எப்படின்னு கேட்டீங்கன்னா, வாத்தியம் நல்லா இருக்கு, ஆனா அதுக்குப் பண்ற சேவகம் இருக்கு. இடந்தலையில, அதான் தொப்பியில, ஒவ்வொரு வாட்டியும் ரவையைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு ஒட்டணும், வாசிச்சு முடிச்சதும் சுரண்டி எடுத்துத் தொடைச்சுடணும், விட்டா எறும்பு வரும், தோலும் கெட்டுப் போவும். இப்ப ரப்பர் மாதிரி ஒட்டி ஒட்டி எடுக்கறது ஒண்ணு வந்திருக்காம், நான் இன்னும் வாங்கல, ரவை உப்புமாவுக்கும் ஆச்சு இதுக்கும் ஆச்சு. எங்க பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்கே, கார்த்திகை மார்கழியில வறட்டுக் காத்தா வீசும், அப்பத் தோல் வெறச்சு சுருதி தானா ஏறிடும். மழைக்காலத்துல நேர் எதிர். எங்க கிழக்குப் பக்கம் மழை கம்மிங்கறதால பரவால்ல, மலையோரம் இருக்கறவங்க உறைக்கு மேல இன்னொரு போர்வை சுத்தி வெச்சுக்கங்க, ஜன்னலோரம் வெக்காதீங்க. எண்ணெய், சாம்பிராணி, சந்தனம் எதுவும் சோத்து மேல படக்கூடாது, சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வெக்கணும்னா கட்டையில வெச்சுக்கங்க.

முட்டி பத்தி யாரும் எழுத மாட்டேங்கறாங்க, நான் எழுதறேன். முறைப்படி வலது கால நீட்டி, இடது கால மடக்கி, நீட்டுன காலோட கணுக்கால் மேல மிருதங்கத்தோட ஒரு பக்கத்தை வெச்சு உக்காரணும். சின்ன வயசுல உக்காந்தா எழுந்திரிக்கவே தோணாது, இப்ப எழுந்திரிக்கவே முடியல. நான் ஒரு சின்னப் பலகை மேல உக்காந்துக்கறேன், கணுக்காலுக்கு அடியில ஒரு மடிச்ச துண்டு. கொஞ்ச நேரம் வாசிச்சுட்டு எழுந்து நடந்துட்டு வந்து திரும்ப உக்காருங்க, வீம்பு வேண்டாம். ஆள்காட்டி விரல் நுனி வீங்கும், தோல் உரியும், சுகர் இருக்கறவங்க அதை மட்டும் அலட்சியம் பண்ணாதீங்க, புண்ணு ஆற நாள் ஆவும்.

கிளாஸ் நான் செல்போன்ல வீடியோ காலில்தான் போறேன், பாலக்காட்ல ஒரு சார். கூடவே சேந்து வாசிக்கறது நடக்காது, சத்தம் லேட்டா வரும், அவரு ஒரு வட்டம் வாசிச்சு நிறுத்தணும், நான் வாசிக்கணும். மோரா கோர்வைன்னு முடிப்புக் கணக்குங்களுக்குப் போனா நேர்லதான் போகணும். பாலக்காடுன்னா மிருதங்கத்துக்கு சும்மாவா, மணி ஐயர் ஊரு, 1966ல சங்கீத கலாநிதி வாங்குனாரு, மிருதங்கக்காரங்கள்ல அவருக்குத்தான் அது மொதல்ல கெடச்சுது. பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்குன்னு பாட்டி கேட்டாங்கல்ல, பொம்பளைங்க இதுல இல்லாமலும் இல்லீங்க. புதுக்கோட்டை ரங்கநாயகி அம்மாள் எங்க பாட்டி காலத்துலயே மேடை ஏறி வாசிச்சவங்க, ஆந்திராவுல தண்டமூடி சுமதி அம்மா மிருதங்கத்துக்கு 2021ல பத்மஸ்ரீ வாங்குனாங்க. நான் சாரு கிட்ட இதைச் சொன்னப்ப "இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, ஆதி தாளம் ரெண்டாங் காலம் மட்டும் ஓடிப் போகுது"ன்னாரு. ஓடத்தான் செய்யுது.

போன மண்டல சீசன்ல எங்க ஊரு ஐயப்பன் பஜனைக்கு வாசிச்சேன். பஜனைக்கு வாசிக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, காலம் ஓடாம புடிச்சு வெச்சா போதும், ஆனா சரணம் சொல்ல ஆரம்பிச்சா எல்லாரும் சேந்து ஓடுவாங்க, அதைப் புடிக்கறதுதான் பாடு. ஒரு பெரியவரு வந்து "யாரு புள்ளை நீ"ன்னாரு, 58 வயசுல! எங்க அப்பா பேரைச் சொன்னேன், "அட, அவன் பையன்தானே கத்துக்கிட்டான்"னாரு. நான் ஒண்ணும் சொல்லல, அடுத்த பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க.

சரி, அந்த ஒரு ஸ்டார். சொன்ன தேதிக்கு வராது. "அடுத்த வெள்ளி"ன்னா எந்த மாசத்து வெள்ளின்னு நீங்கதான் கேட்டுக்கணும். போன் எடுக்க மாட்டாரு, கையில பசை, எடுக்கவும் முடியாது, புரியுது, ஆனா பஸ் ஏறிப் போயி நின்னு திரும்பி வர்றது நம்மளுக்குக் கஷ்டம். பில்லு கெடையாது, அட்வான்ஸ் குடுத்தா நோட்டுல பேரை எழுதிக்குவாரு, அவ்ளோதான். கூட வந்த உறையோட ஜிப்பு வந்த வேகத்துல போயிடுச்சு, அதைச் சொன்னா "உறை நான் செய்யறதில்லையே"ன்னு சிரிக்கறாரு. தோள்ல மாட்டற பட்டையும் மட்டம், நான் தனியா தெச்சுக்கிட்டேன். வாத்தியத்துக்குன்னு கேட்டா அஞ்சு ஸ்டார் குடுப்பேன், சர்வீஸுக்கு மூணரை, சேத்து நாலு.

வாங்கறவங்களுக்கு: மொதத் தடவை போறப்ப பாட்டுத் தெரிஞ்ச ஆளு யாரையாவது கூட்டிட்டுப் போங்க, சுருதி ஆப் செல்போன்ல ஏத்திக்கிட்டுப் போங்க, எந்த சுருதின்னு முடிவு பண்ணாம போகாதீங்க. வார்னிஷ் பளபளப்பைப் பாக்காதீங்க, கட்டை உள்பக்கம் வெடிப்பு இருக்கான்னு கேளுங்க, 16 கண்ணுலயும் தட்டிக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேங்கறவரு கிட்ட வாங்காதீங்க. நான் சொன்ன வீடு இல்லாட்டியும் ஊர்ல வேற வீடுங்க இருக்கு, பஸ் ஸ்டாப்புல எறங்கி "மிருதங்கம்"னு கேட்டா கையைக் காட்டுவாங்க. பூர சீசன்ல போனீங்கன்னா செண்டைக்குத் தோல் மாத்தறதுக்கே வரிசை நிக்கும், உங்களைத் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க. கர்க்கடக மாசத்து மழையில, அதான் நம்ம ஆடி மாசம், போனா தோல் காயாது. ஓணம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுப் போங்க, அப்பச் சொல்லி வெச்சா மண்டல பூஜைக்குள்ள கையில வந்தாலும் வரும்.